ஒளிரும் துணி: வெளிச்சம் எளிது, துணியைக் காப்பதுதான் கடினம்

கேள்வி இது: ‘திருப்பூரில் பின்னலாடைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து வருகிறோம். இருட்டில் ஒளிரும் பிரிண்ட் எங்களுக்குப் புதிதல்ல. அதே முறையில் பூச்சாகவே பூசி, சிறு பேட்டரியை இணைத்தால் தானே வெளிச்சம் தரும் துணியைச் செய்ய முடியுமா? மடித்தாலும் துவைத்தாலும் தாங்குமா?’

செய்ய முடியும். அதற்கான ஒளிர்பொருள் 1936ஆம் ஆண்டிலிருந்தே தெரிந்த ஒன்று. தடையாக நிற்பது ஒளி அல்ல, துணி. அதன் மேடுபள்ளம், இழுவை, சுருக்கம், ஈரம், துவையல் ஆகியவற்றோடு அந்த ஒளிர்பொருளை ஒத்துப்போகச் செய்வதில்தான் எல்லா ஆய்வுக்கூடங்களும் இன்றுவரை மல்லுக்கட்டுகின்றன. அதனால் இந்தத் துறையில் மின்னணுப் பொறியாளருக்கு இணையாக, ஏன் அவருக்கும் முன்னால், பிரிண்டிங் பட்டறைக்காரருக்கு இடம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அதை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பதிலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் பிரிண்டைப் பார்த்துவிடலாம். தரமான இருட்டொளிர் பேஸ்ட்டில் இன்று இருப்பது, யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமங்கள் மிகச் சிறிதளவு சேர்ந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய பொருள் இது. வெளிச்சம் படும்போது இதன் படிகத்துக்குள் மின்னணுக்கள் சில பொறிகளில் மாட்டிக்கொள்கின்றன. பிறகு அறை வெப்பமே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க, அவை யூரோப்பியத்தோடு சேரும்போது சுமார் 520 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளி வெளிப்படுகிறது. பேட்டரியும் கம்பியும் வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் நாம் விரும்பிய நேரத்தில் எரியவோ அணையவோ செய்யாது. பிரகாசமும் முதல் சில நிமிடங்களிலேயே மளமளவென்று இறங்கிவிடும், அதன்பின் பல மணி நேரம் மங்கலாகத்தான் நீடிக்கும்.

இந்தப் பேஸ்ட்டைக் கையாண்டவர்களுக்கு அதன் குணங்கள் தெரிந்திருக்கும். தூளை அரைத்துப் பொடியாக்கினால் படிகத்தின் மேற்பரப்பு சிதைந்து ஒளி குறையும். இரும்புக் கலக்கியில் வேகமாகச் சுழற்றினால் கடினமான துகள்கள் உலோகத்தைச் சுரண்டி பேஸ்ட் சாம்பல் நிறமாகும். கறுப்புத் துணியில் நேரடியாக அடித்தால் பாதி ஒளி துணிக்குள்ளேயே விழுங்கப்படும், அடியில் வெள்ளைத் தளம் வேண்டும். தண்ணீர் சார்ந்த பைண்டரில் (தூளைத் துணியோடு பிணைக்கும் பசையில்) பூச்சிடப்படாத தூளைக் கலந்து நாள்கணக்கில் வைத்தால் நீரில் சிதைந்துவிடும், அதற்காகவே துகள்களைச் சிலிக்காவால் மூடி விற்கிறார்கள். மின்சாரத்தால் ஒளிரும் மின்னொளிர்வுத் தூளும் ஏறக்குறைய இதே பக்குவத்தைத்தான் கேட்கும். அந்த அளவில் நீங்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை.

இனி மின்சாரத்தால் ஒளிரும் பூச்சு. பாரிஸில் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ என்ற ஆய்வாளர், தாமிரம் கலந்த துத்தநாக சல்பைடு தூளை ஆமணக்கு எண்ணெயில் கலந்து, மாறுதிசை மின்புலத்தில் வைத்து, அது ஒளிர்வதை 1936இல் அறிவித்தார். 1960இல் கிரைஸ்லர் கார்களின் முகப்புப் பலகைகள் இந்த ஒளியில் எரிந்தன. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களின் கணினிப் பலகையில் தெரிந்த பச்சை எண்களும், 1992இல் டைமெக்ஸ் கொண்டுவந்த இண்டிக்ளோ கைக்கடிகாரத்தின் நீலப்பச்சைப் பின்னொளியும் இதே வகைதான்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால், எங்கே கவனம் வேண்டும் என்பது தானாக விளங்கும். துத்தநாக சல்பைடு படிகத்தில் கரையும் அளவைவிட அதிகமாகத் தாமிரம் சேர்க்கும்போது, மிஞ்சியது தாமிர சல்பைடாக ஊசி ஊசியாகப் படிகத்துக்குள் படிகிறது. வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அந்த ஊசிமுனைகளில் அது பல மடங்கு குவிகிறது. ஒரு முனையிலிருந்து மின்னணுக்களும் மறுமுனையிலிருந்து நேர்த்துளைகளும் (மின்னணு இல்லாத வெற்றிடங்கள், நேர்மின்னூட்டம்போல் நகர்பவை) படிகத்துக்குள் இறங்குகின்றன. மின்புலம் திசை மாறும்போது இரண்டும் சந்தித்து ஒளியாகின்றன. திசை மாறினால்தான் ஒளி என்பதால் பேட்டரி தரும் ஒருதிசை மின்சாரம் நேரடியாக உதவாது. சிறிய இன்வெர்ட்டர் ஒன்று அதைச் சுமார் 100 வோல்ட்டாகவும், 400 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையான மாறுதிசை மின்சாரமாகவும் மாற்றித் தரவேண்டும். அதிர்வெண்ணை ஏற்றினால் பிரகாசம் கூடும், நிறம் நீலத்தை நோக்கிச் சற்று நகரும், ஆயுள் குறையும். மாங்கனீசும் சேர்ந்த தூள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு ஒளி தரும். வெள்ளை வேண்டுமென்றால் நீலப்பச்சைத் தூளோடு ரோடமின் போன்ற இளஞ்சிவப்பு ஒளிர்சாயம் சேர்ப்பார்கள்.

பூச்சின் அடுக்குகள் இப்படி அமையும். துணிக்கு மேலே சமன்படுத்தும் அடுக்கு, அதன் மேல் வெள்ளி பேஸ்ட்டாலான கீழ் மின்முனை, அடுத்து பேரியம் டைட்டனேட் கலந்த மின்காப்பு அடுக்கு, அதன் மேல் ஒளிர்தூள், பிறகு ஒளி ஊடுருவும் மேல் மின்முனை, கடைசியாக ஈரத்தைத் தடுக்கும் மேலுறை. நடுவில் வரும் பேரியம் டைட்டனேட் அடுக்கைச் செலவு மிச்சம் பிடிக்க எண்ணி விட்டுவிடக் கூடாது. அதன் மின்கோடுதிறன் (மின்புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) மிக அதிகம் என்பதால், கொடுக்கும் வோல்ட்டில் பெரும்பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளாமல் ஒளிர்தூளின் மேல் விழச் செய்கிறது. வெள்ளையாக இருப்பதால் பின்பக்கம் போகும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஊசித்துளைகளில் மின்கசிவு ஏற்பட்டுப் பொசுங்காமலும் காக்கிறது.

துணிக்கு இந்த அமைப்பு ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு. மொத்தத்தில் இது தட்டையான மின்தேக்கிதான். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம், இரு மின்முனைகளுக்கும் இடையே 50 மைக்ரான், சராசரி மின்கோடுதிறன் 10 என்று வைத்துக்கொண்டால் மின்தேக்குதிறன் சுமார் 18 நானோஃபாரட் வரும். 100 வோல்ட், 400 ஹெர்ட்ஸில் ஓடும் மின்னோட்டம் 4.5 மில்லி ஆம்பியருக்கு அருகில்தான். அதிலும் பெரும்பகுதி வெறுமனே போய்வருவது, ஒளியாகவும் சூடாகவும் செலவாவது குறைவு. இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு மேல் மின்முனை மிகச் சிறந்த கடத்தியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. சதுரத்துக்கு நூற்றுக்கணக்கான ஓம் தடை உள்ள பிடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் மையே போதும். ஓரத்தைச் சுற்றி வெள்ளிக் கோடு ஒன்று இழுத்துவிட்டால் ஒளி சீராகப் பரவும். அடுக்குகளும் பல பத்து மைக்ரான் கனமானவை. சாதாரண ஸ்கிரீன் சட்டத்தால் அடிக்கக்கூடிய கனம் அது.

ஓஎல்இடியோடு (கரிமப் பொருளின் மெல்லிய அடுக்குகளால் ஒளிரும் எல்இடி) ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அதில் ஒளிதரும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான். ஈரமோ காற்றோ தொட்டால் கறுத்துவிடும். அதைக் காக்கும் உறை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவியைத்தான் விடலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல். நல்ல மழைக்கோட்டுத் துணி வியர்வை ஆவியை அதே கணக்கில் பத்தாயிரம் கிராம் வரை வெளியே விடுகிறது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் கோடி மடங்கு வரை வேறுபாடு! தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் கியுங் சியோல் சோய் குழுவினர் இழைகளைக் கரைசலில் முக்கியெடுத்தே ஓஎல்இடியாக்கி, சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலாவை (ஒளிச்செறிவின் அலகு) தாண்டிய பிரகாசத்தைக் காட்டியிருக்கிறார்கள். மதிப்புக்குரிய சாதனை. ஆனால் பட்டறையில் அதைச் செய்ய இப்போதைக்கு வழியில்லை.

சரி, துணி எங்கே எதிர்க்கிறது? ஒளிர்தூளின் துகள் சுமார் 20 முதல் 30 மைக்ரான். ஒரு பின்னலாடை நூலின் விட்டம் அதைப்போலப் பல மடங்கு. எனவே துணியின் மேடுபள்ளம், நாம் பூசப்போகும் அடுக்கின் மொத்தக் கனத்தைவிடப் பெரிது. நேரடியாகப் பூசினால் பள்ளத்தில் பேஸ்ட் தேங்கும், மேட்டில் மெலியும். மெலிந்த இடத்தில் மின்புலம் மிகுந்து, வெள்ளி அடுக்கு மேல் மின்முனையைத் தொட்டு, அந்த இடம் கரும்புள்ளியாக எரிந்துபோகும். நூலிலிருந்து துருத்தி நிற்கும் துய் ஒன்றே இதற்குப் போதும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பீபியின் குழுவினர் இதற்காகவே பாலியூரித்தேன் வகைப் பேஸ்ட்டைச் சமன்படுத்தும் அடுக்காக முதலில் அச்சடித்து, அதன் மேல் மற்ற அடுக்குகளை ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தார்கள். முக்கியமான விஷயம், அந்த அடுக்கைத் துணி முழுக்கப் பூசாமல் ஒளிர வேண்டிய வடிவத்துக்கு அடியில் மட்டும் அச்சடித்தார்கள். மற்ற இடம் துணியாகவே இருந்தது.

சமன்படுத்தும் அடுக்கு தடித்தால் வேறொரு தொல்லை வருகிறது. ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்பரப்பில் உண்டாகும் நீட்சி, கனத்தை வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் வரும். துணியும் பூச்சும் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர், வளைவின் ஆரம் 3 மில்லிமீட்டர் என்றால் நீட்சி 5 சதவீதம். செல்பேசித் திரைகளில் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு 2 சதவீத அளவிலேயே விரிசல் விடும். முழங்கையிலும் இடுப்பிலும் விழும் சுருக்கங்களின் ஆரமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் துணிக்கு இண்டியம் டின் ஆக்சைடை மறந்துவிடுங்கள். கடத்தும் பாலிமரோ, நீளும் பைண்டரில் கலந்த வெள்ளி நுண்கம்பிகளோதான் உதவும். இன்னொரு வழி, கீழே துணி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ ஏறக்குறைய அதே விறைப்புள்ள மேலுறையை மேலே கொடுப்பது. அப்போது நீளவும் சுருங்கவும் செய்யாத நடுத்தளம் ஒளிர் அடுக்குகளின் அருகில் வந்து விழும். மேலுறை ஈரத்துக்கு மட்டும் அல்ல, வளைவுக்கும் காவல்.

இவ்வளவும் செய்த பிறகும் கையில் இருப்பது துணிமேல் ஒட்டிய ரப்பர் தகடு போன்ற ஒன்றுதான் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. உடுத்தினால் அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும், காற்று புகாது. இந்தக் குறையை வேரிலேயே தீர்த்த இரண்டு பணிகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒன்று, ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழகத்தில் ஹுய்ஷெங் பெங் குழுவினர் 2021 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. துணிமேல் பூசுவதை விட்டுவிட்டு நூலின் மேல் பூசினார்கள். வெள்ளி பூசிய கடத்தும் நூலின் மேல் துத்தநாக சல்பைடு ஒளிர்பொருள் ஏற்றிப் பாவாக்கினார்கள் (பாவு நெசவின் நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல்). ஊடைக்கு ஒளி ஊடுருவும், மின்சாரத்தைக் கடத்தும் பாலியூரித்தேன் கூழ்ம இழை. பாவும் ஊடையும் ஒன்றையொன்று தொடும் ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனி விளக்கு! 6 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத் துணியில், 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில், சுமார் 5 லட்சம் ஒளிப்புள்ளிகள். நெய்தபின் எதையும் அச்சடிக்க வேண்டாம், நெசவே மின்சுற்று. புள்ளிகளுக்கு இடையே வெறும் நூல் இருப்பதால் துணி வளைகிறது, காற்று போகிறது. நூல்மேல் பூச்சு ஒரே கனத்தில் படிய, மிகுதியான பேஸ்ட்டை நுண்துளை ஒன்றின் வழியாக இழுத்து வழித்துவிட்டார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டுப் பிழிந்து உலர்த்தும் வேலையை அறிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. இந்தத் துறையின் எதிர்காலம் இந்தத் திசையில்தான் என்பது என் கருத்து.

மற்றொன்று கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் டிரிசியா கார்மைக்கேல் குழுவினர் 2020இல் வெளியிட்டது. பெண்கள் அணியும் மெல்லிய காலுறை போன்ற, கண்ணுக்கே ஊடுருவித் தெரியும் நைலான் பின்னல் துணியை எடுத்து, அதன் இழைகள் மீது கரைசல் முறையில் தங்க முலாம் ஏற்றினார்கள். இழைகள் மின்சாரத்தைக் கடத்தும், இடைவெளிகள் ஒளியை விடும், பின்னல் கண்ணிகள் நீண்டு கொடுக்கும். ஒளி ஊடுருவும் மின்முனைக்காக உலகமே புதுப்புது வேதிப்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதைப் பின்னல் துணியின் கட்டமைப்பிலேயே கண்டுபிடித்த அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கிறது. பின்னலாடை ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அடுத்து துவையல். மின்புலமும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாக சல்பைடு சிதைந்து உலோகத் துத்தநாகம் படியும். ஒளி மங்குவதோடு பூச்சே கறுக்கும். எனவே ஒவ்வொரு துகளும் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெல்லுறையில் பொதியப்பட்ட தூளையே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. மேலுறைக்குச் சிலிக்கோன் நன்றாக நீளும், தண்ணீரைத் தடுக்கும், ஆனால் நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். பாலியூரித்தேன் படலம் இந்த விஷயத்தில் அதைவிட மேல். ஓரங்களில் மேலுறை, மின்முனையைத் தாண்டிச் சில மில்லிமீட்டராவது வெளியே நீண்டிருக்கட்டும். ஈரம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நுழைகிறது, துணி இழைகள் தண்ணீரை உறிஞ்சி அடியிலிருந்தும் கொண்டுவரும். அதனால் சமன்படுத்தும் அடுக்கு இழைகளுக்குள் இறங்கி அடைத்திருக்க வேண்டும்.

பூச்சு நன்றாக இருந்தும் துவையலில் தோற்கும் இடம் ஒன்று உண்டு. மென்மையான துணி, கடினமான இணைப்பானைச் சந்திக்கும் இடம். அங்கே ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வளைந்து வெள்ளிக் கோடு அறுந்துபோகும். அந்த இடத்தில் கோட்டை அகலமாக்கி, பின்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்து, விறைப்பு படிப்படியாகக் கூடும்படி செய்யவேண்டும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் அழுத்துப் பொத்தானால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

வாடிக்கையாளருக்கு எதைச் சொல்லி விற்கப்போகிறீர்கள் என்பதிலும் நேர்மை வேண்டும். இந்த ஒளியின் திறன் ஒரு வாட்டுக்குச் சில லூமென்தான் (லூமென் என்பது வெளிவரும் ஒளியின் அளவு). எல்இடி நூறைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இது வழிக்கு வெளிச்சம் காட்டும் துணி அல்ல, இருளில் அணிந்தவரைப் பிறருக்குக் காட்டும் துணி. பகல் வெயிலில் கண்ணுக்கே படாது. சாலைப் பணியாளர் உடைகளுக்கான ஐஎஸ்ஓ 20471 தரம், பகலுக்கு ஒளிர்நிறத் துணியையும் இரவுக்கு விளக்கொளியைத் திருப்பியனுப்பும் பட்டையையும் கேட்கிறது. மின்னொளிர்வுப் பட்டையை அவற்றுக்கு மாற்றாக விற்றால் ஒருவரின் உயிரோடு விளையாடுவதாகும், கூடுதலாகச் சேர்க்கலாம். ஆயுளும் நிரந்தரமல்ல. தொடர்ந்து எரித்தால் சில ஆயிரம் மணி நேரத்தில் பிரகாசம் பாதியாகும். இன்வெர்ட்டரிலிருந்தும் பூச்சிலிருந்தும் மெல்லிய ரீங்காரம் கேட்கும், ஏனெனில் 400 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டும் அதிர்வெண். மேடை உடை, சைக்கிள் ஓட்டுவோர் மேலாடை, கார் உள்ளலங்காரம், திரைச்சீலை போன்றவற்றில் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. குழந்தைகளின் உடைக்கு 100 வோல்ட் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் பட்டறையில் தொடங்குவதென்றால், பின்னலாடையை விட்டு நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணியில் முதலில் செய்து பாருங்கள். பருத்திப் பின்னலுக்குப் போகும்போது பயோவாஷ் (நொதியால் கழுவுதல்) செய்து துய் நீக்கிய துணியை எடுங்கள். வடிவத்தை முழுப்பரப்பாக வைக்காமல், ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாத கோடுகளாகவும் இடையில் பூச்சில்லாத துணியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். துணியின் குழைவு அதில்தான் பிழைக்கும். மின்காப்பு அடுக்கை ஒரே முறை தடிமனாக அடிக்காமல் இரண்டு முறை மெல்லியதாக அடித்து நடுவில் உலர்த்துங்கள், முதல் பூச்சின் ஊசித்துளையை இரண்டாவது மூடிவிடும். ஒளிர்தூள் பேஸ்ட்டுக்குத் துகளைப்போல் குறைந்தது மூன்று மடங்கு திறப்புள்ள மெஷ் (ஸ்கிரீன் சட்டத்தின் வலை) வேண்டும், இல்லையென்றால் சட்டம் அடைத்துக்கொள்ளும். கியூரிங் (சூட்டில் பேஸ்ட்டைக் கெட்டிப்படுத்தும்) வெப்பத்தை வெள்ளி பேஸ்ட் கேட்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். பெரும்பாலானவை 120 முதல் 130 டிகிரியில் கெட்டிப்பட்டுவிடும், பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியும் அதைத் தாங்கும்.

சோதனையில் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். பிரகாசத்தை அளந்து மகிழ்வதற்கு முன்னால், சமன்படுத்தும் அடுக்கும் வெள்ளிக் கோடும் மேலுறையும் மட்டும் உள்ள மாதிரிகளை வீட்டுத் துவையல் சோதனைக்கான ஐஎஸ்ஓ 6330 முறைப்படி துவைத்து, ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் கோட்டின் தடையை மீட்டரில் பாருங்கள். விலை உயர்ந்த ஒளிர்தூள் அதில் தேவையே இல்லை. அந்த மூன்று அடுக்கும் துவையலில் நிலைத்த பிறகு மின்காப்பும் தூளும் சேர்த்து விளக்காக்கிக்கொள்ளலாம். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, உடலைத் தொடக்கூடிய பக்கத்து மின்முனையை இன்வெர்ட்டரின் பொதுமுனையோடு இணைத்து, மின்னோட்டம் அளவு தாண்டினால் தானே நின்றுவிடும் இன்வெர்ட்டரைப் பயன்படுத்தி, துணியை மேசைமேல் விரித்து ஈரத்துணியால் துடைத்தபடி சோதியுங்கள், கையில் ரப்பர் உறையோடு. அங்கே கசிவு இல்லையென்றால் மட்டும் ஆளுக்கு அணிவித்துப் பாருங்கள்.